இறங்கக் கூடாத பதினொரு கிணறுகள்

கனகராயன்குளத்திலிருந்து கிழக்கே பிரியும் செம்மண் கிறவல் வீதியில் ஐந்தாவது கிலோமீற்றரில் ஜெகதீஸ்வரியின் வீடு இருக்கிறது. கிணறு இறைத்துச் சேறு எடுப்பிக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியில் எல்லோரும் அவளுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். ஓர் இறைப்பு இயந்திரம், நூற்றிருபது அடிக் கயிறு, ஒரு கப்பி, இரண்டு ஆட்கள். அவளுடைய குழு அவ்வளவுதான். கிணற்றுக்குள் இறங்குபவன் அவளுடைய தம்பி சஜீவன். மேலே நின்று கயிறு பிடிப்பவர் நடராசா. ஜெகதீஸ்வரி எந்தக் கிணற்றுக்குள்ளும் இறங்கியதில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளின் ஆழமும், உட்சுவரின் நிலையும், அடியில் கிடப்பது மண்ணா பாறையா என்ற விவரமும் அவளிடம் எழுத்தில் இருந்தன.

அவள் எழுதத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் இன்றைக்கும் அவளுடன் வேலைக்கு வந்து கயிறு பிடிக்கிறது.

ஆறு வருடங்களுக்கு முன்பு நடராசாவே இறங்குகிற ஆளாக இருந்தார். நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிணறு. தண்ணீரை இறைத்து முடித்ததும் சேறு அள்ள இறங்கினார். மண்வெட்டியால் நாலு தரம் கொத்தியிருப்பார். மேலே நின்றவர்கள் அவர் குனிந்ததைக் கண்டார்கள், நிமிர்ந்ததைக் காணவில்லை. இடுப்பில் கயிறு இருந்தபடியால் உயிரோடு மேலே வந்தார். மூன்றாம் நாள், அந்தக் கிணற்றை முதலில் வெட்டிய மனிதர் ஒரு பை தோடம்பழத்துடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, மிகுந்த கவலையோடு, "அந்தக் கிணறு அப்பிடித்தான். சேறு கலங்கினால் கெட்ட காத்து எழும்பும். எனக்கு முந்தியே தெரியும். உங்களுக்கும் தெரியுமெண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

அந்த மனிதரில் ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. தெரிந்த ஒன்று தெரிந்தவனின் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த வருடமே அவளுடைய கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போக, குழு அவள் கைக்கு வந்தது. முதல் வேலையாக, எழுதி வைக்க ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினாள்.

கொப்பி இரண்டு வருடம் ஓடியது. மூன்றாம் வருடம் அவளைக் கைவிட்டது. கொப்பியில் எல்லாம் நாள் வரிசைப்படி கிடந்தது. கிணறுகளோ நாள் வரிசையில் இருப்பதில்லை. ஒரு வீட்டுக்காரர் அழைத்தால், அவருடைய கிணற்றைப் பற்றி எந்த மாதம் எழுதினோம் என்று தேடவே அரை நாள் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வு செய்ய வந்த அருந்ததி என்ற பல்கலைக்கழக மாணவி அவளைத் தேடி வந்தாள். இரண்டு மாதம் இருவருமாக வெயிலில் அலைந்தார்கள். ஆய்வு முடிந்து போகும்போது, தன் பழைய மடிக்கணினியையும் அதற்குள் ஒரு கோப்பையும் அருந்ததி விட்டுவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு கோப்பு. இணையம் பார்க்கும் உலாவியில்தான் அது திறக்கும். ஆனால் இணையம் வேண்டியதில்லை. திறந்தால் உள்ளே பக்கம் பக்கமாக விரியும். ஒரு கிணற்றுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் உள்ள பெயரைத் தொட்டால் அந்தப் பெயருக்குரிய பக்கம் வரும். ஊரெல்லாம் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தைப் போன்ற ஒரு விக்கி, ஆனால் ஒருத்திக்கு மட்டும் உரியது என்று அருந்ததி விளக்கியிருந்தாள். சஜீவன் அதற்கு "அக்காவின்ர பெட்டி" என்று பெயர் வைத்தான்.

பெட்டியில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு பட்டியல். கெட்ட காற்றுள்ள கிணறு என்று தெரியவந்தால் அந்தக் கிணற்றின் பக்கத்தில் 'காற்று' என்று ஓர் அடையாளம் வைப்பாள். அடையாளம் உள்ள பக்கங்கள் எல்லாம் தாமாகவே 'இறங்கக் கூடாதவை' என்ற பட்டியலில் வந்து சேரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரும் கிழமைக்கான வேலைகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சஜீவனுக்குச் சொல்லுவாள்.

கோப்பை ஓரிடத்தில் மட்டும் வைத்திருக்க அவளால் முடியவில்லை. பெற்றோர் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்தவர்கள். இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி மாதங்களில், அவர்கள் மறுபடியும் நடந்தபோது ஜெகதீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. பிறப்புச் சான்றிதழ்கள் தாயிடம், காணி அனுமதிப்பத்திரம் தகப்பனிடம், எல்லாவற்றின் நிழற்பிரதிகளும் சஜீவனின் பள்ளிக்கூடப் பையில் என்று பிரித்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று பைகளில் இரண்டுதான் முகாம் வரை வந்து சேர்ந்தன. அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே கோப்பின் ஒரு பிரதி அவளுடைய கணினியில் இருந்தது. ஒரு பிரதி பென் டிரைவில் ஏறி நடராசா வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. இன்னொன்று சஜீவனின் கைத்தொலைபேசியில் இருந்தது. கிணற்றடியில் நின்றே அவன் அதில் ஏதாவது எழுதுவான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் எழுதிய பக்கங்களை அவள் தன் கோப்புக்குள் சேர்த்துக்கொள்வாள்.

இந்த வருடம் புரட்டாசி முதலாம் ஞாயிறு அவள் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒன்பது கிணறுகள் இருந்தன.

திரும்ப எண்ணினாள். ஒன்பதுதான். ஆனி மாதக் கோவில் திருவிழாவின்போது நடராசாவிடம் "பத்துக் கிணறு இருக்கண்ணை" என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். ஆவணியில் புளியங்குளத்துச் செங்கல் சூளைக் கிணற்றைச் சேர்த்தாள்; அதுவும் நன்றாக நினைவிருந்தது. பதினொன்று இருக்க வேண்டும். சூளைக் கிணற்றைத் தேடினாள். அப்படி ஒரு பக்கமே இல்லை. அது போனால் போகட்டும், எதுவென்று தெரியும். மற்றக் கிணறு எது? முந்நூற்றுப் பன்னிரண்டில் எந்தக் கிணற்றிலிருந்து அடையாளம் கழன்று விழுந்தது?

அடுத்த நாள் காலை இறைப்பு இயந்திரத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இருவரையும் அவள் நிறுத்தினாள்.

"இண்டைக்கு வேலை இல்லை."

"ஏன், ஆரும் செத்துப்போச்சினமோ?" என்றான் சஜீவன்.

"பெட்டியில ரெண்டு கிணத்தைக் காணேல்லை. ஒண்டு எதெண்டு தெரியும். மற்றது தெரியேல்லை. தெரியுமட்டும் ஒருத்தரும் ஒரு கிணத்துக்குள்ளயும் இறங்கக் கூடாது."

"அக்கா, கிணறு கிணத்தடியிலதான் இருக்கும். பெட்டிக்குள்ள காணேல்லையெண்டால் கிணறு ஓடிப்போச்சுதெண்டு அர்த்தமோ? மழை துவங்க இன்னும் நாலு கிழமைதான். பேந்து ஆர் கிணறு இறைக்கக் கூப்பிடுறது?"

"நீ இறங்குறாய். நான் மேல நிக்கிறன். அதாலதான் சொல்லுறன்."

சஜீவன் நடராசாவைப் பார்த்தான். அவர் ஏற்றிய கயிற்றை இறக்கத் தொடங்கினார்.

"அண்ணையும் பெட்டியோட சேர்ந்திட்டார்" என்று சொல்லிவிட்டு சஜீவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெகதீஸ்வரி அருந்ததிக்குத் தொலைபேசி எடுத்தாள். அருந்ததி இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு முதுகலை ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, அவசரப்படாமல் பேசினாள்.

"அக்கா, முதலில ஒரு சோதனை செய்வம். புதுப் பக்கம் ஒண்டு திறந்து 'சோதனை' எண்டு மட்டும் எழுதிச் சேமியுங்கோ. செய்தாச்சோ? இப்ப எல்லாத்தையும் மூடிப்போட்டு, நீங்கள் வழமையாத் திறக்கிற மாதிரியே திறவுங்கோ. அந்தப் பக்கம் கிடக்கோ?"

"இல்லை."

"நல்லது."

"என்ன பிள்ளை நல்லது?"

"வருத்தம் எங்க எண்டு தெரிஞ்சிட்டுது. ஆடி மாதம் அளவில கணினியை எங்கயாவது இணையத்தில இணைச்சனீங்களோ?"

இணைத்திருந்தாள். பட்டியலை அச்செடுக்கச் சந்திக் கடைக்குக் கொண்டு போனபோது கடைக்காரப் பெடியன் தன் வைபையில் இணைத்துவிட்டான். இரண்டு வருடமாக இணையம் காணாத உலாவி அந்த அரை மணித்தியாலத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. முன்பு கோப்பை அதே இடத்தில் சேமிக்க உதவிய சிறு துணைச்செயலியைப் புதிய உலாவி ஏற்கவில்லை. பேசாமல் ஒதுக்கி வைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கோப்பு மாறவில்லை. அதற்குப் பதிலாக, பதிவிறக்கங்கள் விழும் இடத்தில் ஒரு புதிய பிரதி போய் விழுந்தது.

அருந்ததி சொன்ன இடத்தை ஜெகதீஸ்வரி திறந்து பார்த்தாள். கிணறு 1, கிணறு 2, கிணறு 3 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நாற்பத்து மூன்று கோப்புகள் கிடந்தன.

"அப்ப கடைசியை எடுத்தால் சரிதானே?"

"அங்கதான் சிக்கல். நீங்கள் ஒவ்வொரு நாளும் திறந்தது பழைய கோப்பை. அதில அண்டைக்கு எழுதினதைச் சேர்த்துச் சேமிச்சிருக்கிறியள். அடுத்த நாள் திரும்பவும் பழசிலயிருந்து துவங்கியிருக்கிறியள். நாற்பத்து மூண்டும் ஒரு தாயின்ர பிள்ளைகள், அக்கா. ஒண்டுக்குத் தெரிஞ்சது மற்றதுக்குத் தெரியாது."

முறையை அருந்ததி சொன்னாள். ஒவ்வொரு பிரதியையும் திறக்க வேண்டும். 'அண்மையில் மாறியவை' என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்து ஒரு கோப்புக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உலாவியை நம்பாமல், இந்தக் கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் என்றே உள்ள ஒரு சிறு செயலியையும் கைத்தொலைபேசி வழியாக அனுப்பி வைத்தாள். அன்று பகல் முழுவதும் ஜெகதீஸ்வரி குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தாள். சேர்த்த ஒவ்வொரு பிரதியின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கோடிட்டு வெட்டிக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டாவது பிரதியில் செங்கல் சூளைக் கிணறு அகப்பட்டது. ஒரு காணாமற்போன பொருளைப் போல அல்ல, வீட்டிலேயே இருந்துகொண்டு கூப்பிட்டும் பேசாத ஆளைப் போல அது அங்கே இருந்தது.

பின்னேரம் அருந்ததி திரும்ப எடுத்தாள். செயலி நன்றாகச் சேமிக்கிறது என்று கேட்டு அவளுக்கு மகிழ்ச்சி. அப்போது ஜெகதீஸ்வரி, பகல் முழுக்க மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளை, மறைக்காமல் சொல்லுங்கோ. இது இன்னும் இருபது வருசத்துக்குத் திறபடுமோ?"

"திறபடும் எண்டுதான் நினைக்கிறன், அக்கா. அது முழுக்க எழுத்து. ஒரு செயலியும் இல்லாமல் போனாலும், வெறும் எழுத்தாத் திறந்து உங்கட கிணறுகளை வாசிக்கலாம். ஆனால் அதில எழுதேலுமோ எண்டது வேற கேள்வி. பிரவுசர் செய்யிறவைக்கு ஒரு பயம் இருக்கு. இணையத்தில வாற பக்கம் ஒண்டு உங்கட கணினிக்குள்ள கை வைக்கக் கூடாது எண்டது அவையின்ர சட்டம். நியாயமான பயம். ஆனால் உங்கட கோப்பும் அதுக்கு ஒரு பக்கம்தான். வீட்டுக்காரர் ஆர், வழியில போறவர் ஆர் எண்டு அதுக்குத் தெரியாது. இண்டைக்கு இந்தச் செயலி. ஐஞ்சு வருசத்தில இன்னொண்டு தேட வேண்டி வரும்."

"இணையத்திலயே வைச்சிட்டால்?"

"வைக்கலாம். சில பேர் அப்பிடித்தான் செய்யினம். ஆனால் உங்கட கிணத்தடியில சிக்னல் கிடைக்குமோ?"

"நெடுங்கேணிப் பக்கம் மரத்தில ஏற வேணும்."

அருந்ததி சிரித்தாள். "அப்ப இப்பிடியே இருக்கட்டும். மாதத்துக்கு ஒருக்கா, எழுதிச் சேமிச்சு மூடித் திறந்து பாருங்கோ. அது ஒண்டுதான் மருந்து."

வாசிக்கலாம், எழுதலாம் என்ற இரண்டையும் ஜெகதீஸ்வரி அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. சீ.ஆர். கொப்பியில் அந்த வேறுபாடு இல்லை. பேனா இருந்தால் எழுதலாம். ஆனால் எழுதியதைத் தேடி எடுக்க முடியாது. தேடி எடுக்கக் கூடிய ஒன்றில், எழுதியது நின்றதா என்று ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டியிருக்கிறது. எதிலும் ஒரு காவல் வேலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். அது அவளுக்குப் பாரமாகத் தோன்றவில்லை. பழுது என்னவென்று தெரியாமல் இருந்த காலைதான் பாரமாக இருந்தது.

"அப்ப எல்லாம் சரிதானே, அக்கா?"

"இல்லை பிள்ளை. பட்டியலில பத்துத்தான் நிக்குது. ஒண்டு இன்னும் வரேல்லை."

"நாற்பத்து மூண்டையும் பார்த்தனீங்களோ?"

"வெட்டின தாள் கையில கிடக்கு."

"ஆனியில எண்ணேக்க தவறியிருக்கலாமோ?"

"நான் எண்ணினால் தவறாது."

அதை அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. அருந்ததியும் அதை அப்படி எடுக்கவில்லை. "அப்ப அது சேமிக்காமல் போனதில்லை. பழைய கோப்பிலயே மாறியிருக்கு. ஆனிக்கு முந்தின பிரதி எங்கயாவது இருக்கோ?" என்று கேட்டாள்.

நடராசா வீட்டு அலுமாரியில் இருந்தது. அடுத்த நாள் காலை ஜெகதீஸ்வரியே போய் எடுத்தாள். நடராசா பென் டிரைவை ஒரு பழைய மருந்துப் போத்தலுக்குள் அரிசியோடு போட்டு வைத்திருந்தார், ஈரம் பிடிக்காதாம். பங்குனியில் எடுத்த பிரதி அது. அங்கேயே கணினியில் செருகி, பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராக வாசித்தாள். நடராசா பக்கத்தில் நின்று, புதிய பட்டியலை அவள் எழுதிக் கொண்டுவந்த தாளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். எட்டாவது பெயருக்கு அவருடைய பேனா நின்றது.

"வீரம்மா. இதில இல்லை."

இந்தக் கிழமை வேலைகளில் இரண்டாவது வீரம்மாவின் கிணறு. அந்த வேலையைப் பேசிக்கொண்டு வந்தவன் சஜீவன்.

ஜெகதீஸ்வரி தன் கோப்பில் வீரம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். கிணறு இருந்தது, ஆழம் முப்பத்தொரு அடி என்று இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், வீரம்மாவின் கணவர் உயிரோடிருந்த காலத்தில், அவர் வாயால் கேட்டு அவள் எழுதிய இரண்டு வரிகள் இல்லை. 'காற்று' என்ற அடையாளமும் இல்லை. பக்கத்தின் கீழே, கடைசியாக யார் எப்போது மாற்றினார் என்று கோப்பு தானாகவே குறித்து வைத்திருந்தது. ஆனி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், நாலு மணி நாற்பது நிமிடம். சஜீவன்.

அவனுடைய தொலைபேசிப் பக்கங்களை அவள் ஆடிப் பிறப்பன்று, கணினியைச் சந்திக் கடைக்குக் கொண்டு போகும் முன்பே, தன் கோப்பில் சேர்த்திருந்தாள். புதியது பழையதை மூடிவிடும். அவள் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்க்கவில்லை. தம்பி எழுதியது என்று நம்பினாள்.

சஜீவனை நடராசா வீட்டு வளவுக்கே வரச் சொன்னாள்.

"வீரம்மாவின்ர கிணத்தில நீ எப்ப இறங்கினனி?"

"ஆர் சொன்னது?"

"உன்ர பேர் கிடக்கு. நேரமும் கிடக்கு."

"பெட்டி கோளும் மூட்டுமோ?" என்று சிரிக்கப் பார்த்தான். இருவரும் சிரிக்காததால் நிறுத்தினான். "ஆட்டுக்குட்டி ஒண்டு விழுந்து கத்திக்கொண்டு நிண்டது. நான் அந்த வழியாப் போனனான். அந்த அம்மா காலில விழாத குறை. இறங்கினன், குட்டியைத் தோளில போட்டன், ஏறினன். குட்டிக்கும் ஒண்டுமில்லை, எனக்கும் ஒண்டுமில்லை. அப்பத்தான் பாத்தன், அந்தக் கிணத்துக்குக் காத்து எண்டு போட்டிருக்கு. பிழைதானே? பிழையைத் திருத்தினனான். பிழை கண்டால் திருத்தெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"கயிறு கட்டினியோ?" என்று கேட்டார் நடராசா.

"ஆர் பிடிக்கிறது? அந்த அம்மாவோ, தாய் ஆடோ?"

நடராசா அவனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிழை கண்டால் திருத்து என்று ஜெகதீஸ்வரி சொன்னது உண்மை. அவன் பொய் எழுதவில்லை. இறங்கியதும் உண்மை, ஏறியதும் உண்மை. அவள் எழுதியதோ இன்னொருவர் சொல்லக் கேட்டது. கண்ணால் கண்டவன் கேட்டு எழுதியவளைத் திருத்தினான் என்றால், அதில் எங்கே குற்றம்? அவள் நடராசாவின் தாளை எடுத்து, அதில் வீரம்மாவின் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"நீ திருத்தேல்லை. அழிச்சனி" என்றாள் கடைசியில். "நீ இறங்கினது எண்டு ஒரு வரியும் இல்லை. குட்டி விழுந்ததும் இல்லை. நான் எழுதினதும் இல்லை. நாளைக்கு வேற ஒருத்தன் இதைப் பாத்தால் அவனுக்கு என்ன தெரியும்? ஒண்டும் எழுதாத கிணறு, நல்ல கிணறு எண்டு நினைப்பான்."

"நல்ல கிணறுதான். நாளைக்கு இறங்கிக் காட்டுறன்."

"காட்டத் தேவையில்லை. மேல நிண்டு பாப்பம்."

புதன்கிழமை மூவரும் வீரம்மா வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் இறங்கப் போவதில்லை, முதலில் சோதனைதான் என்று கேட்டதும் வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மூண்டு பேர் வந்து கிணத்தை எட்டிப் பாக்கிறதுக்கோ நான் உலை வைச்சனான்? என்ர ஆட்டுக்குட்டிக்குக் கீழ மூச்சு வந்தது. உங்களுக்கு வராதோ?"

"அம்மா, ஒரு பகல் பொறுங்கோ" என்றாள் ஜெகதீஸ்வரி.

இரண்டரை மணித்தியாலம் இறைத்தார்கள். சேற்றின் மேல் ஒரு முழத் தண்ணீர்தான் மிஞ்சியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு தகரப் பேணிக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். அடிவரை போய், சுடர் ஆடாமல் எரிந்தது.

"பாத்தியளோ?" என்றான் சஜீவன்.

ஜெகதீஸ்வரி பேணியை மேலே எடுப்பித்தாள். பிறகு கிணற்றில் விழுந்த வாளிகளை எடுக்கும் இரும்புக் கொக்கிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே நின்றபடியே சேற்றைக் கிளறச் சொன்னாள். கால் மணித்தியாலம் சஜீவனும் நடராசாவும் மாறி மாறி இழுத்தார்கள். கீழே தண்ணீர் கறுத்தது. கொப்புளங்கள் வந்தன. கொக்கியை எடுத்துவிட்டு மெழுகுதிரியைத் திரும்ப இறக்கினார்கள். கயிற்றில் அடையாளமிட்ட இருபத்திரண்டாவது அடியில் சுடர் சிறுத்தது. இருபத்து மூன்றில் அணைந்தது.

"காத்தடிச்சிருக்கும்" என்றான் சஜீவன். தானே பேணியை வாங்கி, திரியைக் கொளுத்தி, தன் கையாலேயே மெதுவாக இறக்கினான். இருபத்து மூன்றாவது அடியில் அணைந்தது. மூன்றாம் முறையும் இறக்கினான். அதே அடியில் அணைந்தது.

நடராசா கப்பியை விட்டு எழுந்து, வேலியடிக்குப் போய், முதுகு காட்டிக்கொண்டு நின்றார்.

வீரம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தா. அவவின் குரல் இறங்கியிருந்தது. "அண்டைக்குக் குட்டி சேத்தில நிக்கேல்லை, பிள்ளை. அந்தா, அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிக்கிற கல்லில நிண்டது. தம்பியும் அந்தக் கல்லுமட்டும்தான் இறங்கினவன்."

அந்தக் கல் பதினெட்டாவது அடியில் இருந்தது. நடராசா திரும்பி வந்து கயிறு விட்டு அளந்தார். சஜீவன் பேணியைக் கீழே வைத்துவிட்டு வாளியை எடுத்தான். மீதி வேலையை மேலிருந்தே செய்தார்கள். கொக்கியாலும் வாளியாலும் எடுக்கக் கூடிய சேற்றை எடுத்தார்கள். பாதிச் சேறு கீழே கிடக்கட்டும் என்று வீரம்மாவே சொன்னா. உலை வைத்த சோற்றை மூவருக்கும் அவவே பரிமாறினா.

வீட்டுக்கு வந்ததும் சஜீவன் அக்காவிடம் கணினியைக் கேட்டான். பங்குனிப் பிரதியிலிருந்து அந்த இரண்டு வரிகளையும் அவள் ஏற்கெனவே மீட்டு வைத்திருந்தாள். அதன் கீழே அவன் எழுதினான். ஒரு விரலால்தான் அவன் தட்டுவான், நேரம் எடுத்தது. ஆனி மாதம் ஆட்டுக்குட்டிக்காகத் தனியே இறங்கினேன், கயிறு கட்டவில்லை, பதினெட்டு அடிக் கல் வரை மட்டும், சேற்றைத் தொடவில்லை. பிறகு இன்றைய நாள். சேறு கிளறும் முன் சுடர் அடிவரை எரிந்தது, கிளறிய பின் இருபத்து மூன்றாம் அடியில் மூன்று முறை அணைந்தது. கீழே தன் பெயரையும் எழுதினான். கோப்பு அதைத் தானே குறிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பட்டியலில் இப்போது பதினொன்று. ஜெகதீஸ்வரி அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தாள். மூன்று நாளாக அவள் தேடிய எண் அது. ஆனாலும் அவளுக்கு அமைதி வரவில்லை. மூன்று நாளும் அவளைப் பயமுறுத்தியது இந்தப் பதினொன்றா, அல்லது மற்ற முந்நூற்றொன்றா? அடையாளம் இல்லாத பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அது சோதித்துப் பார்த்த கிணறாக இருக்கலாம், யாரும் பாராத கிணறாக இருக்கலாம், உலாவி விழுங்கிய குறிப்பாக இருக்கலாம், தம்பி அழித்த அடையாளமாக இருக்கலாம். நான்கும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். கெட்டதை மட்டும் எழுதிவிட்டு, எழுதாததை நல்லது என்று அவள் இவ்வளவு காலமும் படித்து வந்திருக்கிறாள். நெடுங்கேணிக் கிணற்றை வெட்டிய மனிதரும் அதைத்தானே செய்தார். சொல்லாமல் விட்டதை எல்லோரும் அறிவார்கள் என்று எண்ணினார்.

அவள் ஒரு புதிய பட்டியலைத் தொடங்கினாள். 'இறங்கலாம்' என்று பெயரிட்டாள். சேறு கிளறி, சுடர் இறக்கி, நாளும் அடியும் சோதித்தவர் பெயரும் எழுதிய கிணறு மட்டும் அதில் வரும். அதுவும் அந்த வருடத்துக்கு மட்டும்தான். அடுத்த கோடையில் மறுபடியும் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத கிணற்றுக்குள், அது யாருடையதாக இருந்தாலும், ஒருவரும் இறங்குவதில்லை. கோப்பு ஏதாவது ஒன்றைத் தொலைத்தால், தொலைந்த கிணறு இனி ஆபத்தின் பக்கமே விழும். அதனால் ஒரு நாள் வேலை வீணாகலாம், ஓர் ஆள் வீணாக மாட்டான். எழுதி, சேமித்து, மூடித் திறந்து பார்த்தாள். புதிய பட்டியல் நின்றது.

சஜீவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"ஒண்டுமே இல்லையே, அக்கா. பட்டியல் காலியாக் கிடக்கு."

"ஓம். ஒண்டும் இல்லை."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு முருகன் கோவிலடி. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுவம். கொக்கியையும் ஏத்து."

அவன் வாசலில் கிடந்த கொக்கிகளை எடுத்து, காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு உழவு இயந்திரப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு திரும்பி வந்து, மெழுகுதிரி எத்தனை வேண்டும் என்று கேட்டான்.